துலாக்கோலும் பந்துக்கோலும்

விளையாட்டுக்கள் பலவற்றில் ஆடுவோர் ஒரு சாராராகவும், ஆட்டத்தை மதிப்பிடுவோர் வேறொரு சாராராகவும் இருத்தலே வழமை. கிரிக்கெட்டில் மத்தியஸ்தர் விரலை உயர்த்தும் வரை துடுப்பாட்டக்காரர் தாம் ஆட்டமிழந்ததை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உதைபந்தாட்டத்தில் ஊதுகுழல் ஒலிக்காதவரை குற்றமும் குற்றமன்று. கொல்ப் ஆட்டம் இவற்றினின்றும் வேறுபட்டது. பரந்த புல்வெளியில், மரங்களுக்கும் பற்றைகளுக்கும் இடையே, யாரும் காணாத இடத்தில் கிடக்கும் பந்தை எத்தனை முறை அடித்தோம் என்பதை அடித்தவரே எண்ணிச் சொல்ல வேண்டும். தமக்கு எதிரான சாட்சியாகவும் தாமே நிற்கவேண்டிய ஆட்டம் அது.

நான் அந்த ஆட்டத்தை ஒருநாளும் ஆடியவனல்லன். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்த எனக்கும் அதற்கும் உள்ள தொடர்பு, ஆடுவோரின் பையைச் சுமந்த தொடர்பேயாகும். என் தந்தையார் தோட்ட வேலை போக எஞ்சிய நாட்களில் ‘கெடி’யாகப் பை சுமந்தவர். உயர்தரப் பரீட்சை எழுதிப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மாதங்களில் நானும் அவ்வாறு சுமந்தேன். அக்காலத்தில் நான் செய்த ஒரு பிழையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அது நிகழ்ந்த இடமும் அதில் தொடர்புற்றோர் பெயர்களும் ஈண்டு வேண்டியனவல்ல.

பிழையைச் சொல்லுமுன் ஆட்டத்தின் கணக்கை விளக்குதல் அவசியமாகின்றது.

ஸ்கொத்லாந்தின் லீத் என்னுமிடத்தில் 1744 இல் இவ்வாட்டத்திற்கு முதன்முதலாக 13 விதிகள் எழுதப்பட்டன. ஆங்கிலேயரோடு அது இலங்கைக்கும் வந்தது. கொழும்பில் 1879 இல் ஒரு கழகம் தோன்றியது. நுவரெலியாவில் 1889 இல் தோன்றிய கழகத்தின் மைதானம் இன்றும் நகரின் நடுவே பச்சைக் கம்பளமாய் விரிந்து கிடக்கின்றது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதற்கும் இதற்கும் இடைப்பட்ட காலம் இருபத்திரண்டு ஆண்டுகளே. துரைமார் தம் தொழிலுக்குத் தேயிலையையும் பொழுதுபோக்குக்குக் கொல்பையும் ஒரே மலையில் வைத்தனர் எனலாம். இரண்டிலும் கூடையையோ பையையோ முதுகில் சுமந்தவர்கள் எங்கள் முன்னோரே.

ஆட்டத்தில் 18 குழிகள் உள்ளன. மிகக் குறைந்த அடிகளில் அனைத்தையும் முடிப்பவர் வெற்றியாளர். ஆனால் எல்லோரும் ஒரே திறமை உடையவரல்லர். ஆகவே வல்லவரும் வலுக்குறைந்தவரும் ஒரே களத்தில் நியாயமாகப் போட்டியிடும் பொருட்டு ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்படுகின்றது. ஆங்கிலத்தில் ஹண்டிகப் எனப்படும் இதனை நான் ‘ஈட்டெண்’ என்பேன். பண்டமாற்றுச் செய்யும் இருவர் தொப்பிக்குள் கையிட்டு, நடுவர் ஒருவர் கூறும் விலை வேறுபாட்டை ஏற்றோ மறுத்தோ ஆடிய பழைய விளையாட்டொன்றிலிருந்து அவ்வாங்கிலச் சொல் பிறந்தது. பின்னர் குதிரைப் பந்தயத்தில் விரைந்தோடும் குதிரைக்கு மேலதிகப் பாரம் ஏற்றும் வழக்கத்திற்கு அது பெயராகி, அங்கிருந்து கொல்புக்கு வந்து சேர்ந்தது.

உதாரணமாக, ஒருவர் 90 அடிகளில் ஆட்டத்தை முடிக்கிறார் எனக் கொள்வோம். அவரது ஈட்டெண் 18 ஆயின் கழித்து வருவது 72. மற்றொருவர் 78 அடிகளில் முடிக்கிறார்; அவரது ஈட்டெண் 5. கழித்து வருவது 73. பன்னிரண்டு அடி அதிகம் அடித்தவரே இங்கு வெல்கின்றார். மெலியோன் வலியோனை வெல்லுதற்கு வழி வகுத்திருப்பது வேறெந்த விளையாட்டிலும் இத்துணை நுணுக்கமாக உண்டோ என்பது ஐயமே.

2020 ஆம் ஆண்டு வரை உலகில் ஆறு வெவ்வேறு ஈட்டெண் முறைகள் வழங்கின. அவ்வாண்டில் அவை ஒன்றாக்கப்பட்டன. ஒருவர் இறுதியாக ஆடிய 20 ஆட்டங்களுள் சிறந்த 8 இன் சராசரியே இன்று அவரது எண்ணுக்கு அடிப்படை. அது 54 க்கு மேற்படலாகாது. மைதானத்தின் கடினமும் கணக்கில் கொள்ளப்படுகின்றது. ஒவ்வொரு மைதானத்திற்கும் 55 முதல் 155 வரை ஒரு ‘சரிவு’ மதிப்பு உண்டு; 113 நடுநிலை. அன்றைய தினம் காற்றாலோ மழையாலோ எல்லோருமே வழமையைவிட மோசமாக ஆடியிருந்தால் அதற்கும் ஒரு சரிக்கட்டல் செய்யப்படுகின்றது. சரிவு என்ற சொல் எங்களுக்குப் புதிதன்று. அதில் நின்றுதான் எங்கள் தாய்மார் கொழுந்து பறிக்கின்றனர். ஆனால் அவர்களுடைய சரிவுக்கு யாரும் எண் கொடுத்ததில்லை.

இக்கணக்கு முழுவதும் ஒரேயொரு தூணில் நிற்கின்றது. ஆடியவர் தம் அடிகளை உண்மையாகப் பதிய வேண்டும். அடிகளைக் குறைத்து எழுதுவது தற்பெருமை. அவ்வாறு செய்பவரது ஈட்டெண் குறைந்து, உண்மைப் போட்டியில் அவரே தோற்பார். அவரது பொய் அவரையே தண்டிக்கும். கூட்டி எழுதுவதோ வேறு. வேண்டுமென்றே மோசமாக ஆடியதாகக் காட்டி, ஈட்டெண்ணை உயர்த்தி வைத்துக்கொண்டு, கிண்ணப் போட்டியன்று திறமையாக ஆடினால், பிறருக்குரிய பரிசு தம் கைக்கு வந்துசேரும். இது களவு. பலவீனருக்கு என வைத்த ஆசனத்தில் பலசாலி பலவீன வேடம் பூண்டு அமர்தல் இது.

போட்டி விதியில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு குழியில் உண்மையாக அடித்ததைவிடக் குறைந்த எண்ணைப் பதிந்த அட்டையில் ஒருவர் கையொப்பமிட்டால் அவர் போட்டியிலிருந்து நீக்கப்படுவார். கூடிய எண்ணைப் பதிந்து கையொப்பமிட்டால் அக்கூடிய எண்ணே நிலைக்கும். 1968 ஏப்ரல் 14 ஆம் திகதி, அமெரிக்காவின் ஒகஸ்டாவில் மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதி நாளன்று, ஆர்ஜென்டீனாவின் ரொபேர்ட்டோ டி விசென்சோவுக்கு நேர்ந்தது இதுவே. அன்று அவருக்கு 45 ஆவது பிறந்த நாள். பதினேழாம் குழியை அவர் மூன்று அடிகளில் முடித்ததைத் திரளான பார்வையாளர் கண்டனர். குறிப்பெடுத்த டொமி ஆரன் தவறுதலாக நான்கு என எழுதினார். விசென்சோ கவனியாது கையொப்பமிட்டார். 65 என்பது 66 ஆகவே நிலைத்தது. பொப் கோல்பி ஓரடியால் வெற்றி பெற்றார். விசென்சோ எவரையும் பழிக்கவில்லை. தம் மடமையையே நொந்துகொண்டார். கண்டவர் எத்தனை பேராயினும், எழுதியதே எஞ்சும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

எழுதியதே எஞ்சும் என்ற உண்மையை எங்கள் சமூகம் கொல்ப் மைதானத்தில் கற்கவில்லை. கடனைத் தீர்த்தால் தொழிலாளியை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுத்த ‘துண்டு’ என்னும் காகிதம், 1921 இல் அம்முறை ஒழிக்கப்படும் வரை எங்கள் முன்னோரைக் கட்டி வைத்தது. தந்தையோ, அன்றேல் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமைக்கு எழுத்துச் சான்று காட்ட இயலாமையால், 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் எம்மவருள் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். அவருள் எஞ்சியோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது. பிறர் ஏட்டில் பிறர் கை எழுதும் எழுத்தே எமது தலையெழுத்தாய் இருந்து வந்திருக்கின்றது.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். நாட்கூலியைப் பேர் என்றழைக்கும் வழக்கம் வேறெங்கும் உண்டோ அறியேன். செக்ரோலில் பெயர் விழுந்தால்தான் அன்று உழைத்ததாகக் கணக்கு. குறித்த அளவு கொழுந்து பறிக்காவிட்டால் அரைப்பேர். என் தாயார் வேலை செய்யும் மலையில் அவ்வளவு பதினெட்டுக் கிலோ. இருபது வயதுப் பெண்ணுக்கும் பதினெட்டு. ஐம்பத்தைந்து வயதான என் தாயாருக்கும் பதினெட்டு. மடுவத்துத் தராசில் நிறுக்கும்போது படங்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் ஒரு கிலோ கழிக்கப்படும். அது நாளில் மூன்று முறை நிகழும். இன்று சில தோட்டங்களில் இலத்திரனியல் தராசுகள் வந்துவிட்டன. எண் தெளிவாகத் தெரிகின்றது. கழிவு மட்டும் நீங்கிற்றில்லை.

தாயார் தம் நிறுவையைத் தாமே ஓர் அப்பியாசக் கொப்பியில் குறித்து வந்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவராகையால் எண்களை மட்டும் எழுதுவார். மாத முடிவில் அவற்றைக் கூட்டுவது என் வேலை. பன்னிரண்டு வயது முதல் அக்கொப்பியையும் சம்பளச் சீட்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு வந்தேன். இரண்டும் ஒருமுறையேனும் ஒத்துப்போனதாக நினைவில்லை. களவு என்ற சொல்லின் பொருளை நான் அகராதியில் பார்க்கவில்லை. அந்த இரண்டு தாள்களுக்கிடையே பார்த்தேன்.

இனி என் பிழைக்கு வருகின்றேன்.

நான் பை சுமந்தவர் தலைநகரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த கனவான் ஒருவர். எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும் என்பதைக் கண்டு புள்ளி அட்டையையும் பென்சிலையும் என்னிடமே தந்தார். எனக்கு அது பெருமையாக இருந்தது. முதல் நாள் ஏழாங் குழியில் அவர் ஐந்து அடிகள் அடித்தார். அட்டையில் ஆறு என்று குறிக்கும்படி கூறினார். நான் தவறாகக் கேட்டேனோ என எண்ணி மீண்டும் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, ஆறுதான் என்றார். பத்து நாட்களில் ஐந்து அட்டைகள் எழுதினேன். ஒவ்வொன்றிலும் ஐந்தாறு அடிகள் கூட்டியே எழுதப்பட்டன. உடன் ஆடிய அவர் நண்பர் அட்டையைப் பாராமலே ஒப்பமிட்டார். ஐந்து பழைய நல்ல ஆட்டங்கள் பட்டியலின் அடியிலிருந்து வெளியே தள்ளப்பட்டன. பதினாறாக இருந்த அவரது ஈட்டெண் பதினெட்டாயிற்று.

பின்னர் நண்பர்களுக்கிடையே ஒரு கிண்ணப் போட்டி நடைபெற்றது. அதில் ஓய்வுபெற்ற தோட்ட வைத்தியர் ஒருவரும் ஆடினார். எழுபது வயதைக் கடந்தவர். எங்கள் லயத்துப் பிள்ளைகள் பலருக்கு ஊசி போட்டவராதலால் எல்லோருக்கும் அவர் ‘டாக்டர் ஐயா’. அவருடைய பையை நெடுங்காலமாகச் சுமந்து வந்தவர் என் தந்தையார். தந்தையாருக்கு எழுத்து வாசனை குறைவு. ஆதலால் ஆட்டம் தொடங்குமுன் கைநிறையத் தேயிலைக் கொட்டைகளை இடப்பக்கப் பையில் போட்டுக்கொள்வார். ஓர் அடிக்கு ஒரு கொட்டை வலப்பக்கப் பைக்கு மாறும். குழி முடிந்ததும் எண்ணிப் பார்ப்பார். அட்டையும் கொட்டையும் முரண்பட்டால் டாக்டர் ஐயா கொட்டையையே நம்புவார்.

அன்று பதினான்காம் குழியருகே, சைப்பிரஸ் மரத்தடிச் சருகில் கிடந்த பந்தை அடிக்க டாக்டர் ஐயா கோலை நிலத்தில் வைத்தபோது, சருகு நெகிழ்ந்து பந்து ஓர் அங்குலம் உருண்டது. அவரையும் என் தந்தையாரையும் தவிர அதை யாரும் கண்டிலர். பந்தைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, தந்தையாரை நோக்கி, “இன்னுமொரு கொட்டையை மாத்து” என்றாராம். 1925 இல் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில் பொபி ஜோன்ஸ், தாம் மட்டுமே கண்ட அசைவுக்காகத் தம்மேல் ஓரடி ஏற்றிக்கொண்டு, முடிவில் ஓரடியால் கிண்ணத்தை இழந்த கதையை அண்மையில் வாசித்தபோது, உலகப் புகழ் பெற்ற அவ்வீரரைவிட எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் டாக்டர் ஐயாவே.

முடிவில் கனவான் 88 அடிகள். ஈட்டெண் 18 கழிய 70. டாக்டர் ஐயா 96 அடிகள். ஈட்டெண் 25 கழிய 71. கனவானுக்குரிய உண்மை எண் பதினாறே கழிக்கப்பட்டிருப்பின் அவருக்கு 72. கிண்ணம் டாக்டர் ஐயாவினது. இக்கழித்தலைச் செய்ய எனக்கு ஒரு விநாடியும் தேவைப்படவில்லை. அங்கிருந்தோருள் விடையை அறிந்தவர் இருவரே. ஒருவர் கிண்ணத்தை வாங்கினார். மற்றவனாகிய நான் ஐயாயிரம் ரூபாயை வாங்கினேன். அது 2021 இல் நிர்ணயிக்கப்பட்ட ஆயிரம் ரூபாய் நாட்கூலிப்படி என் தாயாரின் ஐந்து பேருக்குச் சமம்.

இருவரும் நடந்து வீடு திரும்பும்போது தந்தையார் கொட்டைகளைப் பாதையோரம் கொட்டிவிட்டுக் கேட்டார்: “ஒன் தொரைக்கு எத்தன கழிவு?” பதினெட்டு என்றேன். “போன மாசம் பதினாறுன்னுதானே பேசிக்கிட்டாங்க?” என்றார். நான் பேசவில்லை. அவரும் மேலே கேட்கவில்லை. அந்த ஒரு மைல் வழி எனக்கு முடிவில்லாத வழியாயிற்று.

அன்றிரவு தாயார் அடுப்படியில் அமர்ந்து அன்றைய நிறுவையைக் கொப்பியில் குறித்துக்கொண்டிருந்தார். மாதக் கடைசியாதலால் கூட்டிப் பார்க்கும்படி என்னிடம் நீட்டினார். அதை வாங்க என் கை எழவில்லை. நடந்ததைச் சொன்னேன். சொல்லிவிட்டு, அவர்கள் பணக்காரர்கள், ஒரு கிண்ணம் யார் அலுமாரியில் இருந்தால் எமக்கென்ன, மேலும் நான் யாருடைய அடியையும் குறைத்து எழுதவில்லையே எனவும் வாதிட்டேன்.

தாயார் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னார்: “கொறச்சி எழுதினாத்தான் களவாடா? கூட்டி எழுதினாலும் களவுதான். மடுவத்துல எழுதுறவருக்கும் யாரோ ஒருத்தர் சொல்லித்தானே எழுதுறாரு.”

அந்த இறுதி வாக்கியம் என்னைத் தாக்கியது. நிறுவையில் கழித்தெழுதும் கணக்கப்பிள்ளையை நான் ஆண்டுக்கணக்காக வெறுத்து வந்தவன். அவரும் பிறர் சொல்ல எழுதும் ஒரு கை என்பதை நான் எண்ணிப் பார்த்ததில்லை. என் கையும் அவ்வாறே பிறர் சொல்ல எழுதியது. பென்சில் கைக்கு வந்த பத்தே நாட்களில் நான் எதனை வெறுத்தேனோ அதுவாகவே ஆகியிருந்தேன். தந்தையார் வெகுநேரம் கழித்து, “எனக்கு எழுத்துத் தெரியாது தம்பி, கொட்டதான் தெரியும். கொட்ட பொய் சொல்லாது” என்று மட்டும் கூறிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் டாக்டர் ஐயாவிடம் சென்று உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. குழுவினரிடம் சென்று சொல்ல விருப்பமா என்று கேட்டார். சொன்னால் தந்தையாருக்குக் கிடைக்கும் பருவகால வேலை போய்விடுமோ என அஞ்சினேன். அதையும் அவரிடம் மறைக்கவில்லை. சிறிது நேரம் மௌனமாயிருந்து, “அப்படியென்றால் எனக்குத் தெரியும் என்பதோடு இருக்கட்டும்” என்றார். கிண்ணம் போன இடத்திலேயே இருக்கின்றது. நான் குழுவினரிடம் செல்லவில்லை. இதனை வீரச் செயலாக எழுதிக்காட்ட எனக்கு உரிமையில்லை.

திருவள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்திலே, தன்னளவில் சமமாக நின்று பொருளைச் சீர்தூக்கும் துலாக்கோலைச் சான்றோருக்கு உவமையாக்கினார். கோல் சாயாதிருத்தல் போதாது. அது காட்டுவதை எழுதும் எழுதுகோலும் சாயாதிருத்தல் வேண்டும் என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தோர் நன்கறிவர். செல்வந்தரின் ஆட்டத்தில், ஒருவனுடைய குறையை உண்மையாகப் பதிந்தால் அக்குறையே அவனுக்கு உரிமையாக மாறுகின்றது. சரிவும் காற்றும் மழையும் தசம தானம் வரை கணக்கிடப்படுகின்றன. இதே மலையில், முழங்கால் தேய்ந்த முதிய பெண்ணின் குறைக்கு அரைப்பேரே விடையாகின்றது. விளையாட்டுக்கு இயலும் நியாயம் வேலைக்கு இயலாதிருப்பது ஏன் என்று எமது தலைமுறை கேட்கவே வேண்டும். ஆயினும் அக்கேள்வியைக் கேட்பவன் கையிலுள்ள அட்டை முதலில் சரியாக இருத்தல் வேண்டும். மடுவத்தில் உண்மை நிறுவையைக் கோரும் வாய், மைதானத்தில் பொய் அடிகளைக் கண்டு மௌனம் சாதித்தால், அக்கோரிக்கையின் கனம் அக்கணமே ஒரு கிலோ குறைந்து விடுகின்றது.

புதிய முறைப்படி இருபது ஆட்டங்களுக்கு மேற்பட்டவை கணக்கினின்றும் நீங்கிவிடும். அக்கனவான் இதற்குள் இருபது முறைக்கு மேல் ஆடியிருப்பார். நான் எழுதிய ஐந்து அட்டைகளும் அவரது எண்ணிலிருந்து மறைந்து போயிருக்கும். என் கணக்கிலிருந்து அவை மறையவில்லை. அந்த ஐயாயிரம் ரூபாயில் வாங்கிய பயணப்பெட்டி பேராதனையில் என் விடுதிக் கட்டிலின் கீழ் இருக்கின்றது. விடுமுறைக்கு ஊர் செல்லும்போதெல்லாம் அதனுள் தாயாருக்கென ஒரு புதிய அப்பியாசக் கொப்பியை வைத்து எடுத்துச் செல்கின்றேன். சென்றதும் பழைய கொப்பியை வாங்கி, ஒவ்வொரு நாளாக, ஒவ்வோர் எண்ணாகக் கூட்டுகின்றேன். கூட்டி முடித்ததும் மீண்டும் ஒருமுறை சரிபார்க்கின்றேன்.